சிவப்புக் கோடு போட்ட பாதம்

1. மானிட்டரில் தெரிந்தது

சிவப்புக் கோடு ஐந்து விரல்களையும் வளைத்துக்கொண்டு பாதத்தின் நடுப்பகுதிவரை வந்து நின்றது. கோட்டுக்குள் இருப்பதெல்லாம் செத்த சதை என்று அர்த்தம். அதே படத்தைக் கடலூரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஸ்பீக்கரில் பேசினார்.

“ரொம்ப ஏறியிருக்கு சிஸ்டர். மெஷின வச்சி கிளீன் பண்ணிப் பாப்போம். அடியில ரத்தம் வரலன்னா முன்பாதத்த எடுத்துட வேண்டியதுதான்.”

மேஜையில் படுத்திருந்த ஜாபர் பாய்க்கும் அது கேட்டுவிட்டது. வளைகுடாவில் பல வருடம் லாரி ஓட்டிவிட்டுத் திரும்பி வந்து, பரங்கிப்பேட்டைக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே சொந்த வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை வியாதி. உள்ளங்காலில் எலுமிச்சம்பழ அளவுக்குப் புண்.

“வலது காலு சார்” என்றார். “பிரேக் புடிக்கிற காலு.”

தலைமாட்டில் நின்ற பாயின் மனைவி ரஹ்மத், துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

நான் சிதம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் டிரஸ்ஸிங் அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். நர்சிங் முடித்துவிட்டு வரும் பிள்ளைகள், “ரோபோ வந்தப்ப எப்படி இருந்திச்சி மேடம்?” என்று ஆசையாகக் கேட்பார்கள். அவர்களுக்கு நான் இந்த ஒரு நாளைத்தான் சொல்வேன்.

2. மெஷின் செய்த வேலை

புண் ஆற வேண்டுமென்றால் அதிலுள்ள செத்த சதையை எடுத்தாக வேண்டும். டிப்ரைட்மென்ட் என்போம். அதுவரை கத்தியாலும் ஃபோர்செப்ஸ் இடுக்கியாலும் நாங்கள் செய்துகொண்டிருந்ததை, அந்த ரோபோ கை ஊசி போலப் பீய்ச்சும் சலைன், அதாவது உப்புநீர் ஜெட்டால் செய்தது. கேமரா நிறத்தைப் பார்க்கும். இன்னொரு சென்சார் சூட்டை அளக்கும். இரண்டையும் வைத்து மெஷின் கோடு போடும். கடலூர்க் கிளையிலிருந்து டாக்டர் சரி என்று அழுத்தினால் கை நகரும். ஸ்டாப் பெடல் என் காலடியில் இருக்கும்.

நன்றாகவே செய்தது, குறை சொல்ல மாட்டேன். புண் சுத்தம் செய்வதில் என் கையை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. மெஷின் வந்த இரண்டாவது வாரமே அது போய்விட்டது.

ஒவ்வொரு நோயாளியிடமும் முதலில் சில கேள்விகள் கேட்டு, பதிலைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். சர்க்கரை எவ்வளவு, என்ன மாத்திரை, புண்ணுக்கு ஏதாவது மருந்து போட்டீர்களா? ரஹ்மத், “மருந்து ஒண்ணும் போடல” என்றார். அப்படியே ஏற்றினேன்.

பாதம் கருத்துத்தான் இருந்தது. நானும் பார்த்தேன். மெஷினும் கருப்பு என்றது, டாக்டரும் கருப்பு என்றார். செத்த சதை சில்லிட்டிருக்க வேண்டும்; சூட்டைக் காட்டும் சென்சாரோ அங்கே வெதுவெதுப்பாக இருப்பதாகத்தான் சொன்னது. ஆனால் சீழ் கோத்த இடமும் சூடாகத்தானே இருக்கும்? அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

3. பெடல்

ரோபோ கை சுண்டுவிரல் ஓரத்தில் ஆரம்பித்தது. ஜெட் பட்ட இடத்தில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்பாக இரண்டு மூன்று புள்ளிகள் எழுந்தன. தண்ணீர் உடனே கழுவிக்கொண்டு போனது. மறுபடி எழுந்தன.

செத்த சதையில் ரத்தம் வராது.

“பாய், வலிக்குதா?”

“ஒண்ணும் தெரியல சிஸ்டர்.”

சர்க்கரை அவர் பாதத்து உணர்ச்சியை எப்போதோ தின்றிருந்தது. நல்ல சதையை அறுத்தாலும் அவருக்குத் தெரியாது. அந்த நேரம் ரஹ்மத் குனிந்து அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தார். அந்தக் கையைப் பார்த்தேன். உள்ளங்கை வெறுமையாக இருந்தது. விரல் நுனிகள் மட்டும் நாலும் அடர்ந்த செம்பழுப்பு.

பெடலை மிதித்துவிட்டேன். ரோபோ கை அந்தரத்தில் நின்றது.

“யாரு நிறுத்துனது?” என்றார் டாக்டர்.

“நாந்தான் சார். புது ரத்தம் வருது.”

“ஓரத்துல கொஞ்சம் வரத்தான் செய்யும். மெஷின் போட்ட மேப் தெளிவா இருக்கு. பெடல விடுங்க.”

இத்தனை வருடத்தில் ஒரு டாக்டரிடம் முடியாது என்று நான் சொன்னதில்லை. அன்றும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. “ரெண்டே நிமிஷம் குடுங்க சார்” என்றேன். பெடலை மட்டும் விடவில்லை.

பக்கத்து டிராயரிலிருந்து டாப்ளரை எடுத்தேன். ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்கவைக்கும் சின்னக் கருவி. ஜெல் தடவிப் பாதத்தின் மேல் வைத்தேன். முதலில் வெறும் இரைச்சல். இடம் தவறியிருக்கும். கொஞ்சம் நகர்த்தினேன். ஷ்வூம், ஷ்வூம் என்று தெளிவாகக் கேட்டது. மைக்கை இழுத்து அருகில் வைத்தேன்.

“கட்டைவிரல் அடியில வைங்க” என்றார் டாக்டர். வைத்தேன். கேட்டது. “சுண்டுவிரல்ல?” அங்கேயும் கேட்டது.

“அப்ப அந்தக் கருப்பு என்னா சிஸ்டர்?”

நான் ரஹ்மத்தைப் பார்த்தேன். “ஏம்மா, வெரல்ல என்னா அது?”

அவர் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டார். “திட்டாதீங்க சிஸ்டர். மருதாணி. கால் எரியுது எரியுதுன்னு தூங்கவே மாட்டேங்குறாரு. குளுமையா இருக்கட்டும்னு பத்து நாளா தெனம் அரைச்சி அப்பிவிட்டேன்.”

“மருந்து போட்டீங்களான்னு கேட்டேனேம்மா?”

“மருதாணி மருந்தா சிஸ்டர்? அதோட, காலைல புண்ணுல மஞ்சளும் சுண்ணாம்பும் வச்சிக்கிட்டு வந்தாரே ஸ்ரீமுஷ்ணத்துக்காரரு, அவர நீங்க சத்தம் போட்டது வெளிய பெஞ்சி வரைக்கும் கேட்டிச்சி. அதுக்கு மேல எனக்கு எப்படிங்க வாயி வரும்?”

பத்து நாள் ஏறிய மருதாணிக் கறையைத்தான் மெஷினும் நாங்களும் செத்த சதை என்று பார்த்திருக்கிறோம். வருபவர்களை ஒரு பிடி பிடித்தால்தான் வழிக்கு வருவார்கள் என்பது அத்தனை வருடமும் என் வழக்கம். என் வாய்க்குப் பயந்து ஒரு பெண் மறைத்தது, ஒரு மனிதரின் பாதத்தைக் கொண்டுபோகப் பார்த்தது.

டாக்டர் மெஷின் போட்ட கோட்டை அழித்துவிட்டு, புண்ணைச் சுற்றி மட்டும் அங்கிருந்தே தன் கையால் கோடு வரைந்தார். “இப்ப பெடல விடலாமா சிஸ்டர்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. ரோபோ கை எலுமிச்சம்பழ அளவுப் புண்ணை மட்டும் சுத்தம் செய்து முடித்தது. அடியில் நல்ல சிவப்பாக ரத்தம் கசிந்தது. ஜாபர் பாய் கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

4. சொல்லியாக வேண்டியது

பாதம் தப்பியது. ஆனால் சுண்டுவிரல் ஓரத்தில் புளியங்கொட்டை அளவுக்குப் புதிதாக ஒரு காயம். நாங்கள் உண்டாக்கியது.

மெஷின் கம்பெனி இன்ஜினியர், “தானா ஆறிடும். ரிப்போர்ட்ல தனியா எழுதணுமா மேடம்?” என்றார். எழுதினேன். என் கேள்வி தப்பாக இருந்தது என்பதையும் சேர்த்தே எழுதினேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை மாற்றினார்கள்: கடைசிப் பத்து நாளில் காலில் பட்டது, தடவியது, வைத்தது எல்லாவற்றையும் சொல்லுங்கள். நான் கேட்கும்போது முன்னாலேயே, “நான் திட்ட மாட்டேன்” என்பதையும் சேர்த்துக்கொள்வேன். சென்சார் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், நோயாளி வாய் திறக்கும்படி நாம் நடந்துகொள்ளவில்லை என்றால் அது பாதிக் கண்ணோடுதான் பார்க்கும். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கம்தான்.

மறுநாள் டிரஸ்ஸிங் மாற்றும்போது ஜாபர் பாயிடம் சொன்னேன். “சுண்டுவிரல் பக்கம் சின்னதா ஒரு காயம் இருக்கு பாய். அது வியாதியால வந்தது இல்ல. நாங்க பண்ணது. எங்க தப்பு.”

“நீங்க சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே சிஸ்டர். அந்தக் காலுலதான் ஒணர்ச்சியே இல்லியே.”

“அதனாலதான் பாய் சொல்றேன்.”

அவர் தலையை ஆட்டிவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். “ரஹ்மத், அந்த எடத்தையும் தெனம் பாத்துக்க.” ரஹ்மத் பாதத்தின் அருகில் வந்து குனிந்து, “எது சிஸ்டர்? காட்டுங்க” என்றார். விளக்கை இழுத்துவைத்துக் காட்டினேன்.