வள்ளியூரில் கொட்டிய குருமாப் பொடி

சென்ற ஆண்டு ஆவணி: என் மனைவி கமலாவுக்குத் துபாய் மருத்துவமனை ஒன்றில் தலைமைச் செவிலியர் வேலை கிடைத்தது. புரட்டாசி: பாளையங்கோட்டையில் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான் அவளுடன் புறப்பட்டேன். இவ்வாண்டு மாசி: கமலா அங்கேயே மாரடைப்பால் காலமானாள்.

புறப்பட்ட நாளில் நடந்தது பிறருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

அவள் வேலைக்குப் போவது, நான் சமைப்பது என்று ஏற்பாடு. அவளுக்குப் பிடித்த குருமாவுக்கு நானே பொடி திரித்துப் பெட்டியில் வைத்திருந்தேன். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குக் காரில் போகையில், வள்ளியூர் அருகே அதைப் பெருமையாகச் சொன்னேன்.

“என்னெல்லாம் போட்டிய?” என்றாள்.

“சோம்பு, பட்டை, கசகசா…”

“தம்பி, வண்டிய ஓரங்கட்டுங்க. ஏங்க, அங்கன கசகசா போதைச் சரக்குல்லா? பிடிச்சா உங்களுக்கு ஜெயிலு, எனக்கு வேலையும் போச்சு. முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்துன ஆளு.”

சாலையோரம் பொடியைக் கொட்டினேன். ஓட்டுநர் சிரித்தார்: “அண்ணாச்சி, அக்கா வேலைக்குப் போறாவ, நீங்க ஜெயிலுக்கா?”

கமலா தன் முந்தானையால் என் கையைத் துடைத்துவிட்டாள். “லீவுக்கு வரும்போது நம்ம வீட்டுல கசகசா போட்டுக் குருமா வச்சுத் தாங்க,” என்றாள்.

இப்போது எங்கள் தெருவில் யார் வளைகுடாவுக்குப் புறப்பட்டாலும், கூப்பிடாமலே போய் மசாலாப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்கிறேன்.

நான் இன்னும் செய்யாதவை: துபாயிலிருந்து கொண்டுவந்த கமலாவின் பெட்டியைத் திறப்பது. அவளுடைய சீருடைகளை யாருக்கேனும் கொடுப்பது. கசகசா சேர்த்து அந்தக் குருமாவை வைப்பது.