சோப்பை எடுத்துவிட்ட படம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் ஆராய்ச்சி செய்கிற கல்லூரியில் என் வேலை, கம்ப்யூட்டருக்குள் கரி போடுவது. சொன்னால் சிரிக்கிறார்கள். சாயத் தண்ணீரைச் சிரட்டைக் கரியில் வடிகட்டினால் சாயத்தின் மூலக்கூறு கரியில் எப்படிப் போய் ஒட்டுகிறது என்று திரையிலேயே கணக்குப் போட்டுப் பார்ப்பேன். சுத்தமான தண்ணீரில் சாயத்தை மட்டும் விட்டால் சமர்த்தாகப் போய் ஒட்டிக்கொள்ளும்.

எந்தச் சாயப்பட்டறையில் சுத்தமான தண்ணீர் இருக்கிறது? சேத்தூர்ப் பக்கம் என் சித்தியின் கிணற்றை ஒட்டி ஒரு பட்டறை. கரியில் வடிகட்டினால் சாயம் போகுமா என்று என் கைடிடம் கேட்டிருந்தவர் அதன் முதலாளிதான். சாயம் ஏற்றிய துணியைச் சோப்புப் போட்டு அலசி, அந்தத் தண்ணீரை ஓடையில் விடுகிறார்கள். அது கிணற்றில் ஊறுகிறது. நான் சொல்லும்வரை கிணற்றுத் தண்ணீரைத் தொடாதே என்று சித்தியிடம் சொல்லியிருந்தேன். பாவம், தெருக்குழாயில் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

அதனால் கணக்கில் சோப்பையும் சேர்த்தேன். பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி சோப்பு முந்திக்கொண்டது. சாயத்தில் பெரும்பகுதி தண்ணீரிலேயே கிடந்தது.

என் கைடு திரையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "சோப்பை எடுத்துரும்மா. படம் நல்லால்ல."

"சோப்பு இல்லாத சாயத்தண்ணி எங்க சார் இருக்கு?"

"பட்டறைக்காரர் கேட்டது ஒட்டுதான்னுதான. மொத படத்துல ஒட்டுதுல்ல? போதும்."

முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் படம் ஏற்கெனவே அவர் கையில் இருந்தது. இத்தனை படித்து, இத்தனை பேருக்குப் பாடம் சொல்லி, கடைசியில் இந்தப் பிழைப்பா! அதற்குப் பிறகு அவர் அறைப் பக்கமே நான் போகவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போனேன். மாட்டுத்தொழுவத்தில் புத்தம்புது பிளெக்ஸ் கட்டியிருந்தது. ஒரு ஓரத்தில் முதலாளி கும்பிட்டுக்கொண்டிருந்தார், மறு ஓரத்தில் என் கைடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் சோப்பில்லாத என் படம். மேலே 'இனி சுத்தமான தண்ணீர்' என்று கொட்டை எழுத்து. கீழே என் பெயர். நான் இன்னும் வாங்காத டாக்டர் பட்டத்தைக்கூட முன்னால் போட்டிருந்தார்கள். த்தூ!

சித்திக்கு முகமெல்லாம் பூரிப்பு. "பட்டறையில கரித்தொட்டி தொறந்தாவட்டி. தொட்டிக்குச் சூடமெல்லாம் காட்டுனாவ. ஒங்க சாருக்குப் பொன்னாடை போத்துனாவ. விழா முடிஞ்சதும், எம் மக பேரு போட்ட பிளெக்ஸு எனக்குத்தான்னு கேட்டு வாங்கியாந்துட்டேன்."

பேசிக்கொண்டே கிணற்றில் இறைத்த வாளியை மாட்டின் முன்னால் வைத்தாள். தண்ணீர் லேசான ஊதா நிறத்தில் இருந்தது. நான் வாளியை எட்டி உதைத்தேன்.

"ஏட்டி, கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு?"

"நான் இது நல்ல தண்ணின்னு சொல்லவே இல்ல சித்தி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம எம் பேரப் போட்டிருக்கானுவ. அம்புட்டும் பொய்."

சித்தி பிளெக்ஸைப் பார்த்தாள். பிறகு கவிழ்ந்து கிடந்த வாளியைப் பார்த்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

"விழா முடிஞ்ச அன்னையிலேர்ந்து நானும் அதத்தானட்டி குடிக்கேன்."