வயோதிகர் விடுதியில் நான் செய்த ஜெபம்

தோழிகளே, நம் சபை மாதர் சங்கக் கூட்டம்வரை பொறுக்க முடியவில்லை. இன்றைக்கே எழுதிவிடுகிறேன், கைமாற்றிப் படியுங்கள்.

காலையில் குழித்துறை மிஷன் வயோதிகர் விடுதிக்கு நான் மட்டும் போயிருந்தேன். கிழவிகள் நாலு பேர் பாயில் கைகட்டித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்கள் நடுவில் உட்கார்ந்து, "ஆண்டவரே, சாவை எதிர்பார்த்து நாளைக் கழிக்கும் இந்த ஜீவன்களுக்கு இரங்கும்" என்று விம்மி விம்மி ஜெபித்தேன்.

வண்டியில் ஏறிய பிறகுதான் குடையை விட்டுவந்தது தெரிந்தது. திரும்பிப் போனால் உள்ளே ஒரே சிரிப்பு.

பாயைச் சுருட்டி ஓரத்தில் வைத்திருந்தார்கள். தரையில் கரியால் வரைந்த தாயக்கட்டம். சங்கத்துக்காரி வருகிறாள் என்று அவசரமாகப் பாயை விரித்து மூடியிருக்கிறார்கள். நான் அதன்மேல் உட்கார்ந்துதான் அழுதிருக்கிறேன்.

"நம்மள இன்னைக்கே குழியில இறக்கிருவாளோன்னு பயந்துட்டேன் மக்கா" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைக் கண்டதும் எல்லோரும் வாயைப் பொத்தினார்கள். எனக்கு முகம் எரிந்தது. "எப்படி இருக்கிறீர்கள் என்றுகூடக் கேட்காமல் அழுதுவிட்டேன். மன்னியுங்கள்" என்றேன்.

அன்னம்மாள் என்ற கிழவி என் கையைப் பிடித்தாள். "அதுக்கென்னம்மா? இவ என் காயை வெட்டப்போன நேரத்துலயாக்கும் நீங்க வந்தது. ஒங்க ஜெபம் என்னைக் காப்பாத்திச்சுல்லா?"

அவர்களோடு ஓர் ஆட்டம் ஆடித் தோற்றுவிட்டு வந்தேன். வெட்கம் இன்னும் போகவில்லை.

நம்மில் தாயம் நன்றாக ஆடத் தெரிந்தவர் யார்? அடுத்த முறை அவரை அனுப்பலாம். போதகர் ஐயாவிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.