எழுபத்தாறும் எண்பத்தேழும்

எனக்குப் பத்து வயதானபோது லண்டன் பெரியப்பா ஒரு விளையாட்டு ரயில் இஞ்சினும், வட்டமாகப் பூட்டும் தண்டவாளமும் அனுப்பினார். பெட்டிகள் அனுப்பவில்லை. எங்கள் வெள்ளவத்தை அடுக்குமாடி பிளட்டின் ஹோலில் அந்தப் பச்சை இஞ்சின் தன்னந்தனியாகச் சுற்றிச் சுற்றி வந்தது. "ஆக்களை ஏத்தாம இது எங்க போகுது?" என்று பக்கத்து வீட்டுப் பெடியன் கேட்டான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சில மாதங்களில் ஜெர்மனிச் சித்தப்பா நான்கு பெட்டிகள் அனுப்பினார். நான் துள்ளிக் குதித்தேன். அப்பா குதிக்கவில்லை. வங்கியில் வேலை செய்பவர், எதையும் இரண்டு தரம் வாசிப்பவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு அட்டைகளிலும் இருந்த எண்களை வாசித்தார்.

"இது எழுபத்தாறில ஒண்டு, அது எண்பத்தேழில ஒண்டு. சைஸ் சரிவராது பிள்ளை."

பெட்டிகள் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போயின.

அப்பாவின் கணக்கில் பிழையில்லை. உண்மையான ரயிலை எழுபத்தாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் என் இஞ்சின், எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தப் பெட்டிகள். ஆகவே பெட்டிகள் கொஞ்சம் குள்ளம்தான். குள்ளமென்றால் ஓடாதா? எங்கள் ஒழுங்கையின் கடற்கரை முனையில் நின்றால் மருதானைக்குப் போகும் பெரிய ரயிலைப் பார்க்கலாம். அது போன பிறகு, பாதை பார்க்கிற ஆட்கள் ஒரு சின்னத் தள்ளுவண்டியில் அதே தண்டவாளத்தில் வருவார்கள். வண்டியின் உயரம் எப்படி இருந்தாலும் சில்லுகளின் இடைவெளி ஒன்றாக இருந்தால் போதும் என்று எனக்கு அங்கேதான் பிடிபட்டது.

அப்பா வேலைக்குப் போயிருந்த நேரம் அம்மாவைக் கெஞ்சிப் பெட்டிகளை இறக்கினேன். அடிமட்டத்தால் இரண்டு தண்டவாளங்களின் உள்விளிம்புக்கு உள்விளிம்பு அளந்தேன். பதினாறரை மில்லிமீற்றர்; பெட்டிகளின் அட்டையிலும் அதே எண்தான். ஒரு பெட்டியைத் தூக்கி வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது! கொளுக்கிகள் மட்டும்தான் ஒன்றோடொன்று மாட்டவில்லை. கடையில் பாண் வாங்கிய பையின் வாயைக் கட்டி வந்த மெல்லிய கம்பியால் முறுக்கிவிட்டேன். இறுக்கி முறுக்கியதால் முதல் வளைவிலேயே கவிழ்ந்தது. கொஞ்சம் தளர்த்தினேன், ஓடியது.

என் பிறந்தநாளன்று பெரியப்பா வீடியோவில் அழைத்தார். "இஞ்சினை மட்டும் காட்டு" என்று அப்பா காதுக்குள் சொன்னார். நான் கேட்பேனா? நான்கு பெட்டிகளையும் கொழுவி ரயிலை விட்டேன். அப்பாவின் முகம் வெளுத்தது.

"பெட்டி ஆர் தந்தது?" என்று பெரியப்பா கேட்டார்.

"ஜெர்மன் சித்தப்பா."

பெரியப்பா முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். அவருக்குக் கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் உரக்கக் கத்தினேன். "சைஸ் சரிவராது எண்டு அப்பா சொன்னவர், பெரியப்பா! நான் அளந்து பாத்தனான். ரெண்டுக்கும் ஒரே தண்டவாளம்தான்!"

"வளைவில விழேல்லையோ?"

"ஒண்டும் விழேல்லை!"

பெரியப்பா சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார். "அவன் சின்னனிலயே ரயில் விசரன்" என்றவர், அப்பாவைப் பார்த்து, "அவன்ர நம்பரை எனக்கு அனுப்பிவிடு" என்றார்.

வங்கி அதிகாரியை ஓர் அடிமட்டத்தால் மண்கவ்வ வைத்தவள் நான்! ஹோல் முழுக்க ஆடினேன். அப்பாவோ தோற்றவர் மாதிரியே இல்லை. சளி பிடிக்கும் என்று ஒருநாளும் ஐஸ்கிரீம் வாங்கித் தராதவர், அன்று காலி வீதியில் இருக்கும் கடைக்குக் கூட்டிப்போய் இரண்டு வாங்கித் தந்தார்.

யாழ்ப்பாணத்து வீட்டுப் பங்கில் கோபித்துக்கொண்ட பெரியப்பாவும் சித்தப்பாவும் நான் பிறந்ததிலிருந்தே கதைபேச்சில்லாமல் இருந்தார்கள் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரியும். நடுவில் பிறந்த அப்பாவுக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. ஒருவர் தந்ததை மற்றவர் கண்ணில் படாமல் வைக்கத்தான் அந்த எண்களை அவ்வளவு கவனமாக வாசித்திருக்கிறார்.

அன்று கடை வாசலில் அவர் என்னைத் தூக்கி, என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

"விடுங்கோ அப்பா, ஐஸ்கிரீம் உருகுது" என்றேன்.