இரண்டு கோடு

நான் வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் சம்சு சாராயம் குடித்து விழுந்து கிடந்தவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள் என்றே நான் சொல்லி வந்தேன். பள்ளிக்கூட வாத்தியாரும் குடித்தார். அவரை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவேன்.

இப்போது ஈப்போ நகரத்து வீட்டில் எனக்கு இரண்டு மகன்கள். பெரியவன் படிப்பு ஏறாமல் லாரி ஓட்டுகிறான். சின்னவன் பல்கலைக்கழகத்தில் முதலாவதாக வந்தவன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. போன மாதம் துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் ஒரு பொட்டலம் கிடந்தது. பிரித்தால் கஞ்சா. நான் யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து பெரியவன் சட்டையை முகர்ந்தேன். எத்தனை வாய் சோறு தின்கிறான் என்று பார்த்தேன். கண் சிவந்திருக்கிறதா என்று கவனித்தேன்.

கடைசியில் பார்மசியில் சிறுநீர் சோதனைக் குப்பி ஒன்று வாங்கிவந்து அவன் முன்னால் வைத்தேன்.

"தம்பிக்கும் ஒண்ணு வாங்குனியாம்மா?"

"அவன் படிச்சவன்டா."

பெரியவன் குப்பியை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போய் வந்தான். சின்னவன் குப்பி வந்த பெட்டிக்குள் இருந்த தாளை ஒரே மூச்சில் படித்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் பொறுக்கணும்மா," என்றான். ஐந்து நிமிடத்தில் குப்பியின் பட்டையில் இரண்டு கோடு விழுந்தது. கோவிட் நேரத்தில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தோமே, அப்போது இரண்டு கோடு என்றால் நோய். எனக்குத் தெரிந்தது அதுதான்.

"இனி இந்த வீட்டுல இருக்காதே," என்றேன்.

பெரியவன் தம்பியைப் பார்த்தான். தம்பி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவன் பையைத் தூக்கிக்கொண்டு கோப்பெங்கில் இருக்கும் கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டான்.

நான்கு நாள் கழித்து, பெரியவனை எந்தக் கிளினிக்கில் காட்டுவது என்று கேட்க அதே பார்மசிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் சிரித்தாள். "ஆண்டி, இதுல ரெண்டு கோடுன்னா சுத்தம் லா. ஒரு கோடு வந்தாதான் சந்தேகம்."

தாளைப் படித்தவனுக்கு இது அன்றே தெரியும்.

இன்னொரு குப்பி வாங்கிவந்து சின்னவன் மேசைமேல் வைத்தேன். அவன் அதைத் தொடவில்லை. "இது குடிகாரங்க மாதிரி இல்லம்மா. மூளை நல்லா ஓடறவங்க நிறைய பேர் எடுக்கறாங்க. எனக்கு அளவு தெரியும்," என்று நிதானமாக விளக்கினான். ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டது போல இருந்தது. இத்தனை அழகாகப் பேசுகிறவன் இன்னும் எதையெல்லாம் என்னிடம் அழகாகப் பேசியிருப்பான் என்று ஓடியது மனம்.

"அண்ணன வெரட்டுனப்போ இந்த வாய் எங்கடா போச்சு?"

அவன் மறுபடியும் கைப்பேசியை எடுத்தான்.

பெரியவனுக்குப் போன் போட்டேன். மன்னிப்பு கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. "நான்தான் தப்பா பார்த்துட்டேன். நீ சுத்தம்," என்றேன்.

லாரியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது.

"அவன எங்க காட்டறதுன்னு பார்த்தியாம்மா?" என்றான்.

"பார்த்துட்டேன். நான் தனியா கூட்டிட்டுப் போனா என்னைப் பேசியே ஏமாத்திருவான்."

"சரி. நாளைக்கு லீவு போட்டுட்டு வாரேன். ஆனா தங்க மாட்டேன்."