கிணற்றடியில் குளித்த பெரியண்ணன்

தொலைக்காட்சித் தொடரில் ஒரு நடிகர் விலகிவிட்டால் அடுத்த கிழமையே அவருடைய படத்துக்கு மாலை விழுந்துவிடும். எண்பதுகளின் நடுவில், சண்டை மூண்டிருந்த நாட்களில், எங்கள் ஒழுங்கையில் ரிவி இருந்த ஒரே வீட்டின் விறாந்தையில் இருந்து அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நானும் பழகினேன். எங்கள் வாசிகசாலை மேடையில் ஞாயிறு பின்னேரங்களில் நடந்த தொடர் நாடகத்தை எழுதியது நான். ஊரே கிழமை தவறாமல் வந்து பார்த்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதில் பெரியண்ணனாக நடித்தவன் பக்கத்து வீட்டு இளைஞன். ஒருநாள் காலை அவனுடைய தாய் வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் வந்தார். நான் மாமி என்று கூப்பிடுவேன்.

“பிள்ளை, அவன் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டிட்டான். போய்ச் சேருமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. சாவகச்சேரியிலை பெரியம்மா வீட்டை நிக்கிறான் எண்டுதான் சொல்லியிருக்கிறன்.”

“ஓம் மாமி” என்றேன். அதற்குள் என் தலைக்குள் ஒரு லொறி பெரியண்ணனை மோதிவிட்டது. நல்ல சாவுக் காட்சி, சனம் அழுது தீர்க்கும். மாமிக்கு என்னைத் தெரியும்.

“நாடகத்திலை அவனைச் சாகடிச்சுப் போடாதை, பிள்ளை. அவன் இன்னும் வழியிலை நிக்கிறான்.”

எனக்கு எரிச்சலாக வந்தது. சாகடிக்கவும் கூடாது, பயணம் போய்விட்டான் என்று எழுதவும் கூடாது என்றால் நான் அவனை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அந்த ஞாயிறு மேடையில் தாய் “மோனை, சாப்பிட வா” என்று கூப்பிட்டாள். திரைக்குப் பின்னால் வாளித் தண்ணீர் ஊற்றும் சத்தம். “அண்ணை கிணத்தடியிலை குளிக்கிறார், அம்மா” என்றாள் தங்கை. தாய் சோற்றை மூடி வைத்தாள்.

அடுத்த ஞாயிறும் குளித்தான். அதற்கடுத்த ஞாயிறும் குளித்தான். “உவனுக்குத் தடிமன் பிடிக்கப்போகுது” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். முன்னால் இருந்த மாமி சிரிக்கவில்லை. வாளிச் சத்தம் கேட்டபோது மட்டும் அவருடைய முகம் சற்றுத் தெளிந்தது. அதைக் கண்டபின் என் எரிச்சல் போய்ப் பயம் வந்தது. தகவல் வராமலே போனால் அந்தத் தண்ணீரை எப்படி நிறுத்துவேன்?

பிறகு ஒருநாள், ஒத்திகைக்கு நடுவில், நெற்றி நிறையத் திருநீற்றுடன் மாமி வந்து நின்றார்.

“பிள்ளை, அவன் இவ்வளவு நாளும் குளிச்சது காணும். தலையைத் துவட்டச் சொல்லு.”

அந்த ஞாயிறு தண்ணீர்ச் சத்தம் இல்லை. “அண்ணை சுகமாய்ப் போய்ச் சேர்ந்திட்டாராம், அம்மா” என்றாள் தங்கை. சனம் விளங்காமல் முழித்தது, பிறகு மாமியைப் பார்த்தது, பிறகு கைதட்டியது. நான் எழுதிய எந்த வசனத்துக்கும் அப்படிக் கைதட்டல் விழுந்ததில்லை.

அதன்பின் என் நடிகர்கள் ஒவ்வொருவராய் வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுப் போனார்கள். “என்ரை பிள்ளையையும் கிணத்தடியிலை விடு” என்று தாய்மார் தாங்களாகவே வந்து கேட்டார்கள். ஒருவரையும் நான் சாகடிக்கவில்லை. அந்த வருடங்களில் எங்கள் ஊரில் சாவு விழாத வீடு, என் மேடையில் இருந்த அந்த ஒரு வீடுதான்.