கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

என் கணினித் திரையின் சட்டத்தில், வலப்பக்க மூலையில், மிளகு அளவில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு நேற்று வரை ஒட்டியிருந்தது. இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் நான்தான் எடுத்து ஒட்டிவிட்டு மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அது என்னுடையது அல்ல. நாமக்கல் பக்கம் சேந்தமங்கலத்துக்காரரான ஒரு லாரி டிரைவரின் மனைவி ஒட்டிவிட்டுப் போனது. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

அப்போது நாமக்கல்லில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். லாரி உரிமையாளர்கள் தங்கள் வண்டி எங்கே ஓடுகிறது என்று செல்போனில் பார்ப்பதற்காக ஓர் இணைய வரைபடம் செய்து கொடுத்திருந்தோம். அது எப்படித் திறக்க வேண்டும், எதை எங்கே காட்ட வேண்டும் என்று முடிவு செய்வது என் பொறுப்பு. பயன்படுத்துகிறவரை மனதில் வைத்துத்தான் எதையும் செய்ய வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அதை நானே வகுப்பெடுத்தேன். ஊருக்கு உபதேசம் செய்வது சுலபம். பயன்படுத்துகிறவர் என்றால் என் மனதில் வந்தது உரிமையாளர் மட்டும்தான்.

முதலில் வரைபடத்தைத் திறந்தால் நடுவில் எப்போதும் நாமக்கல் நிற்கும். வண்டிகள் சுற்றிலும் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். “எங்க வண்டிய நாங்களே தேடிக்கிட்டிருக்கோணுங்களா?” என்று உரிமையாளர்கள் சலித்துக்கொண்டார்கள். சரியென்று அதை மாற்றினேன். எந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வண்டி நடுவில் வந்து நிற்கும், வரைபடம்தான் அதற்கேற்ப நகரும். உரிமையாளர்கள் பத்துப் பேரைக் கூட்டி உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்த மாற்றம் எல்லோருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அக்கா அலுவலகத்துக்கு வந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. மேசையில் போனை வைத்து, “ஏனுங்க அம்மிணி, வண்டி ஊட்டுக்கு வந்துட்டதாக் காட்டுதுங்க. ஆளத்தான் காணோமுங்க,” என்றார். போன் கண்ணாடியின் நட்டநடுவில் அந்தப் பொட்டு இருந்தது.

கேட்கக் கேட்கத்தான் விளங்கியது. வீட்டில் ஒரு சண்டை. கோபித்துக்கொண்டு லோடு ஏற்றிப் போன கணவர் நாற்பது நாளாக ஊர் திரும்பவில்லை, இவர் கூப்பிட்டால் போனையும் எடுப்பதில்லை. லாரி ஆபீஸ் குமாஸ்தா இரக்கப்பட்டு, அந்த ஒரு வண்டியை மட்டும் காட்டும்படி வரைபடத்தின் இணைப்பை இவருக்கு அனுப்பியிருக்கிறார். நடுவில் இருப்பது நாமக்கல் என்று குமாஸ்தா சொல்ல, அந்த இடத்தில் போன் கண்ணாடிமேல், நம் வீடும் அதற்குள்தானே என்று, ஒரு பொட்டை ஒட்டிவைத்துக்கொண்டார். ஊர்ப் பெயர்களை நாங்கள் பொடி ஆங்கில எழுத்தில் போட்டிருந்தோம். அவரால் படிக்க முடியவில்லை. தொட்டால் ஏதாவது கெட்டுவிடும் என்று விரல் வைத்து நகர்த்தியதும் இல்லை. காலையில் எழுந்ததும் புள்ளி பொட்டிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளி இருக்கிறது என்று அளந்து பார்ப்பாராம். “ரெண்டு வெரக்கடைலயே நின்னுட்டிருந்தாருங்க. அன்னைக்குப் பாத்தா பொட்டுக்கு அடியிலயே வந்துட்டாருங்க,” என்றார். வீட்டைக் கழுவிவிட்டு, நாட்டுக்கோழி வாங்கிக் குழம்பு வைத்து, சாலை முக்கில் போய் நின்றிருக்கிறார். வண்டியைப் பட்டறையில் விட்டிருப்பார், நாளைக்கு வந்துவிடுவார் என்று மறுநாளும் நின்றிருக்கிறார்.

கண்ணாடி அசையாது, படம்தான் அசையும் என்று நான் விளக்கினேன். அவர் விரலைப் பிடித்து நானே நகர்த்திக் காட்டினேன். பொட்டுக்கு அடியிலிருந்து புள்ளி நழுவி வெளியே வந்தது. வண்டி ஹூப்ளியில் இருந்தது. “லோடுக்குக் காத்துக்கிட்டிருக்காருங்களா?” என்று கேட்டார். தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். உதவி செய்கிற உற்சாகத்தில் அவர் எதிரிலேயே குமாஸ்தாவுக்குப் போன் போட்டேன். சரக்கு இறக்கி நாலு நாள் ஆகிறது, சேலத்துக்கே லோடு இருந்தும் அந்த ஆள்தான் வேண்டாம் என்றுவிட்டார் என்றார் குமாஸ்தா. அதையும் அப்படியே சொன்னேன்.

அக்கா அழவில்லை. “அந்த ரெண்டு நாளும் நல்லாருந்துச்சுங்க அம்மிணி,” என்றார். நகத்தால் பொட்டைப் பெயர்த்தார். பொட்டைக் கீழே போட எந்தப் பெண்ணுக்கும் கை வராது, கண்ணாடியிலோ கதவிலோ ஒட்டிவிடுவோம். அவருக்குக் கைக்கெட்டியது என் திரைதான். “வாரேனுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு அவரவர் வீட்டை வரைபடத்திலேயே குறித்துக்கொள்ள ஒரு வசதி செய்தேன். நகர்த்தினாலும் அந்தக் குறி வீட்டைவிட்டுப் போகாது. ஊர்ப் பெயர்களைத் தமிழில் கொட்டை எழுத்தில் போட்டேன். நிறுவனத்தில் பாராட்டினார்கள். யார் எப்போது திறந்து பார்க்கிறார்கள் என்ற விவரம் எனக்கு வரும். அக்காவின் இணைப்பு தினமும் காலை ஆறு மணிக்குத் திறந்தது. அவர் வண்டியைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். நாலு மாதம் கழித்து ஒருநாள் திறக்கவில்லை. பிறகு திறக்கவே இல்லை. கணவர் வந்துவிட்டாரா, இவர்தான் போதும் என்று விட்டுவிட்டாரா, தெரியாது. ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அடுத்தவர் குடும்ப விஷயம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பதிலுக்குப் பயந்தேன்.

இப்போது சேலத்தில் வீட்டிலிருந்தே வேலை. அலுவலகத்துத் திரையும் பொட்டோடு என்னுடன் வந்துவிட்டது. நானும் மகளுமாக இருந்த வீடு. அவள் வேலை கிடைத்துப் புனே போய் இரண்டு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள், “அப்புறம் பேசறேம்மா” என்று சீக்கிரமே வைத்துவிடுவாள். போன வாரம் ஒரு பயணத்தின்போது, நான் பயப்படக் கூடாதென்று, தான் இருக்கும் இடம் எனக்குத் தெரிகிற மாதிரி போனில் வைத்தாள். அதை நிறுத்த மறந்துவிட்டாள்.

வண்டியை நடுவில் நிறுத்தும் அந்தப் பழைய வரைபடத்தை நான் அழிக்கவே இல்லை. நேற்று மாலை அதைத் திறந்து, ஒரு வண்டியின் இடத்தில் மகளைப் போட்டேன். புள்ளி நடுவில் வந்து நின்றது. சட்டத்திலிருந்து பொட்டைப் பெயர்த்துத் திரையின் நடுவில் வைத்தேன். பசை காய்ந்துபோய் ஒட்டவில்லை. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அடியில் இருப்பது புனே என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. விரலை எடுக்க மனம் வரவில்லை.